திரியாத துளி

வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு துளி ரத்தம். அதன்மேல் பி வகையைக் காட்டிக்கொடுக்கும் மஞ்சள் சீரம் ஒரு துளி. குச்சியால் கலக்கிவிட்டுத் தட்டை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்க்க வேண்டும். பி வகை ரத்தமாக இருந்தால் சற்று நேரத்தில் பால் திரிவதுபோல் திரிந்து, சிவப்பு மணலாகக் கட்டிக்கொள்ளும். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். ஓ வகையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. வழவழவென்று அப்படியே கிடக்கும்.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு இதுதான் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வான். ஆனால் மாதம் ஒருமுறை மச்சான் வருகிற நாளில் மட்டும் தட்டை இரண்டு தரம் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருவான்.

மச்சானுக்கு வீட்டில் கொக்கு என்று பேர். வைத்தவள் அக்காக்காரி. கால் இரண்டும் நீளம், உடம்பில் சதை என்று பேருக்குக்கூடக் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக். வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து விரலை நீட்டுவான்.

"குத்துங்க மாமா. அக்காவைப் பாத்துட்டுப் போறேன்."

பேர் வைத்த அந்த அக்கா, தட்டைச் சாய்க்கிறவனின் மனைவி. அவள் செத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது.

கொக்கு பிறந்தது ஓ வகை ரத்தத்தோடு. எலும்பு மஜ்ஜை வறண்டுபோகிற நோய் ஒன்று அவனுக்கு வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. புற்றுநோய் இல்லை, அந்தமட்டில் ஆறுதல். டாக்டரம்மா குடும்பத்தை உட்காரவைத்துப் புரியும்படி சொன்னார்.

"ரத்தத்துக்கு ஆயுசு கம்மி. தினமும் பழசு சாகும், புதுசு வந்துட்டே இருக்கணும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாத்தையும் பெத்துப் போடறது எலும்புக்குள்ள இருக்கிற ஸ்டெம் செல். அது ரெண்டாப் பிரியும்போது ஒண்ணு வேலைக்குப் போகும், இன்னொண்ணு தாயாவே வீட்ல தங்கும். தாய் தங்கறவரைக்கும் வம்சம் நிக்காது. உங்க பையனுக்குத் தாய் இல்லாமப் போச்சு."

"நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே" என்றாள் அத்தை, கொக்குவைப் பெற்றவள். அக்காக்காரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் கொக்குவும் சிரித்தான்.

அக்காவுக்கு பி வகை, அது தடையில்லை என்றார்கள்; அவள் செல் தம்பிக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. ஊசிமேல் ஊசி போட்டு எலும்பில் இருக்கிற தாய்களை ரத்தத்துக்குத் துரத்தினார்கள். அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலிக்கிறது என்று அவள் புலம்பினாள். பிறகு அரைநாள் ஒரு இயந்திரத்தோடு கட்டிப்போட்டார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போனது, இயந்திரம் வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்ற கையில் திருப்பி விட்டது. கடைசியில் தொங்கிய பையைப் பார்த்து அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? தக்காளிச் சாறு மாதிரி இருக்கு."

அதை எலும்பைத் துளைத்து உள்ளே விடுவார்கள் என்று அவள் புருஷன் நினைத்திருந்தான். படித்தவன்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தான். டாக்டரம்மா கொக்குவின் மார்பில் இருந்த குழாயில் சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றினார். செல்லே வழி கண்டுபிடித்து எலும்புக்குப் போய்விடும், யாரும் கூட்டிப்போக வேண்டாம் என்றார்.

"என் புருஷனுக்குப் பக்கத்துத் தெருவுக்கு வழி தெரியாது. என் செல்லு எவ்வளவோ மேல்" என்றாள் அவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த தம்பியிடம் சொன்னாள்: "இனிமே உன் எலும்புக்குள்ள நான் குடித்தனம்டா கொக்கு. சுத்தமா வச்சிரு."

செல் வேர் பிடித்தது. சில மாதங்களில் கொக்குவின் ஓ போய் அக்காவின் பி வந்தது. அதை முதலில் தட்டில் பார்த்தவன் அவன்தான். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, "இனிமே அவனும் உங்களை அதட்டுவான், பாருங்க" என்றாள். கொக்கு அதட்டவும் செய்தான். சட்டையைச் சுருக்கமில்லாமல் போடுங்கள் மாமா, அக்கா ரத்தம் கொதிக்கிறது என்பான்.

அக்காவிடம் எடுத்ததில் அன்றே கொஞ்சம் மிஞ்சியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிறிய பையில் ஊற்றி, ஆஸ்பத்திரியின் குளிரறையில் உறையவைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் வெயில் காய்ந்த ஒரு பகலில், சாலையைக் கடந்தவளை லாரி அடித்தது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

அதன் பிறகுதான் மாதாமாதம் தட்டுப் பார்ப்பது வந்தது. யாரும் எழுதிக்கொடுக்காத சோதனை. மாதப் பரிசோதனைக்கு வந்த கொக்கு ஒரு நாள் கூடத்துக்குள் எட்டிப்பார்த்து, "அக்கா இன்னும் இருக்காளான்னு பாக்கலாமா மாமா?" என்று கேட்டான். அவன் கொக்குவின் விரலில் குத்தினான். துளி திரிந்தது. இரண்டு பேரும் அந்தச் சிவப்பு மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மணலிலும் அந்த மாதத்தில் பிறந்த அணுக்கள் இருந்தன. அவள் செத்த பிறகு பிறந்தவை.

"தெம்பாத்தான் இருக்கா" என்றான் கொக்கு.

அதுமுதல் அது வழக்கமாகிவிட்டது. கல்லறைக்குப் போகிறவர்கள் போகட்டும். இவர்களுக்கு இந்தத் தட்டு இருந்தது.

ஒரு மாதம் துளி சரியாகத் திரியவில்லை. கட்டிகள் வந்தன. ஆனால் கட்டிகளுக்கு நடுவே இருந்த நீர் தெளியாமல் மங்கலான சிவப்பாக நின்றது. சேராத அணுக்கள் அவை. அப்படி இருந்தால் உடம்பில் இரண்டு பேர் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த பாடம், அவனே பலருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கொக்குவுக்கு வெளி ரத்தம் ஏற்றி வெகு காலம் ஆகிறது. அப்படியானால் அந்த இன்னொரு ரத்தம் கொக்குவின் பழைய ஓ தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

அவன் சீரக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பழசாகி வீரியம் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். புதுக் குப்பி உடைத்தான். அதிலும் அதே மங்கல். தட்டைச் சாய்த்தான், சாய்த்துக்கொண்டே இருந்தான். வழக்கமான நேரத்தைப்போல் இரண்டு பங்கு. கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாயின. கண் பெரிய கட்டிகளை மட்டும் பார்த்தது.

"வந்துட்டா" என்றான்.

"என்ன, இன்னிக்கு லேட்டு? தலை சீவிட்டு இருந்தாளா?" என்றான் கொக்கு.

அந்தக் குப்பியில்தான் அன்று மற்ற எல்லார் ரத்தத்தையும் பார்த்தான். எல்லாம் பளிச்சென்று வந்தன. அதையும் பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை.

கொக்குவின் மாத்திரைகளை டாக்டரம்மா படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லாம் நன்றாகப் போகிறது என்று பெரிய சோதனைகளையும் அடுத்த மாத வருகைகளையும் தள்ளிப்போட்டிருந்தார். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொக்குவின் தொடையில் கருநீலத் திட்டுகள் வந்தன. லிஃப்ட் கதவு இடித்திருக்கும் என்று நினைத்தான். பிறகு பல் துலக்கும்போது ரத்தம். பிறகு காய்ச்சல். நாலாவது மாடி வார்டில் படுக்கவைத்தார்கள்.

டாக்டரம்மா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூடத்து ஆள் என்பதால் சுற்றி வளைக்கவில்லை.

"இவனோட பழைய செல்லுல கொஞ்சம் எங்கேயோ ஒளிஞ்சிருந்திருக்கு. மாத்திரையைக் குறைச்சதும் முழிச்சுக்கிட்டு அக்கா செல்லை அடிச்சு விரட்டியிருக்கு. விரட்டிட்டு அதுவாவது நின்னுச்சா, இல்ல. இப்ப ரெண்டும் இல்ல. நுரையீரல்ல பூஞ்சை பிடிச்சிருக்கு."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அவனுக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரையைக் கூட்டி அவ செல்லுக்குக் காவல் போட்டிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. "நின்னிருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. முயற்சி பண்ணியிருக்கலாம்."

அவன் மேஜையில் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல் கொடுக்க முன்வந்த வெளியாள் பட்டியலில் கொக்குவுக்குப் பொருத்தமானவர் இல்லை. அத்தைக்கு இதயக் கோளாறு, அவளிடம் எடுக்க முடியாது. இருந்தது குளிரறையில் ஒரு பை. அக்காவுடைய கடைசிப் பை.

"தேறுமா?" என்று கேட்டான்.

"நிலத்தைச் சுத்தமா உழுது போட்டுத்தான் விதைக்கணும். இவன் உடம்பு இருக்கிற இருப்புக்குக் கடுமையான மருந்து தர முடியாது, லேசாத்தான் கீறிவிட முடியும். பையில இருக்கிறதும் கம்மி, உருகும்போது கொஞ்சம் சாகும். நூத்துக்குப் பத்துன்னுகூடச் சொல்ல மாட்டேன். ஏத்தலேன்னா ஒண்ணுமே இல்ல."

"அதை வளத்துப் பெருக்க முடியாதா?"

"வெளிய வளத்தா பெருகும். ஆனா பெருகப் பெருக எல்லாம் வேலைக்காரங்களாப் போயிடும், தாய் மிஞ்சாது. தாயாவே பெருக்கறதுக்கு எங்கெங்கேயோ ஆராய்ச்சி நடக்குது. நம்மகிட்ட இல்ல."

அவன் எழுந்தான். கதவுவரை போனான். திரும்பி வந்து கேட்டான்.

"பாதியை ஏத்திட்டுப் பாதியை வச்சிருக்க முடியாதா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "அரைப் பையால ஒரு பிரயோஜனமும் இல்லப்பா" என்று மட்டும் சொன்னார்.

வார்டில் கொக்கு செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"ஸ்டெம் செல்லால கண்ணு வருமாம், பல்லு முளைக்குமாம், வழுக்கையில முடியும் முளைக்குமாம் மாமா. எல்லாம் எலிக்கு வந்திருச்சாம். நான் எலியாப் பொறந்திருக்கலாம்." தாளை இறக்கினான். உதடு கறுத்திருந்தது. "டாக்டரம்மா சொன்னாங்க. அந்தப் பை எனக்கு வேண்டாம்."

"ஏன்டா?"

"நூத்துல பத்து கூட இல்லியாமே. வீணாப் போற எடத்துல எதுக்குக் கொட்டணும்? அது இருந்தா உங்களுக்காவது இருக்கட்டும். நீங்க சாப்பாட்டு வேளையில குளிரறை வாசல்ல போய் நிக்கறது தெரியாதுன்னு நினைச்சீங்களா? ஐஸக்கா சொல்லிருச்சு."

குளிரறையைப் பார்த்துக்கொள்பவளை ஆஸ்பத்திரி முழுக்க ஐஸக்கா என்றுதான் கூப்பிடும். அவள் அவனை உள்ளே விட்டதில்லை, விரட்டியதும் இல்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆளுயரத் தொட்டி ஒன்று தெரியும். மூடி ஓரத்தில் வெள்ளைப் புகை கசியும். அவ்வளவுதான் தெரியும்.

அவன் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவன்தான். அத்தையால் மகனைக் கட்டாயப்படுத்த முடியாது, டாக்டரம்மாவும் செய்யமாட்டார். மௌனம் சம்மதம் என்பார்கள். அன்று அவன் மௌனம் எதற்குச் சம்மதம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தலையணையைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அத்தை வார்டு நடையில் நின்று, கொதித்து ஆறிய தண்ணீரில் மகனின் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, 'அம்மா, பயமா இருக்கு'ன்னு சொல்றான்" என்றாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "இத்தினியூண்டு இருந்தப்பகூடச் சொன்னதில்ல. லிஃப்டுக் குழிக்குள்ள தொங்கறவன்." டம்ளரைக் கவிழ்த்தாள். மறுபடி நிமிர்த்தி இன்னொரு தரம் கழுவினாள். "உங்ககிட்ட சிரிச்சுப் பேசறான்ல? என்கிட்டதான் சொல்றான்."

அவன் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றான்.

"பையை ஏத்திக்கோ."

"உங்களுக்கு?"

"அது அவ இல்லடா. ஒரு பை செல்லு."

"அப்ப தட்டுல இத்தனை நாள் யாரைப் பாத்தோம்?"

அவன் போர்வையை இழுத்துவிட்டான். "அக்கா சொன்னா கேப்பியா?" என்றான்.

"எப்பவும் கேட்டதில்ல. இப்ப வேணா கேக்கறேன்."

"குடித்தனம் பண்ண வந்த வீட்டை இடிச்சுட்டு எங்கடா போறேன்னு கேக்கறா."

கொக்கு சிரிக்கப்போய் இருமினான். இருமி முடிந்ததும் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அன்னிக்குத் தட்டை ரொம்ப நேரம் ஆட்டினீங்க மாமா."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ரோப்பு தேஞ்சிருந்தா கையை வச்சதுமே தெரியும். உங்க மூஞ்சியில தெரிஞ்சுது. டாக்டரம்மாகிட்ட நானாவது கேட்டிருக்கலாம். கேட்டா போயிடுவாளோன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்." கண்ணை மூடினான். "ஏத்தச் சொல்லுங்க."

மருந்துகள் ஓடி முடிந்த அன்று ஐஸக்கா தள்ளுவண்டியில் வந்தாள். வார்டிலேயே வெந்நீர்த் தொட்டி வைத்து, முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியைத் திறந்து பையை எடுத்தாள். செங்கல் நிறத்தில் தட்டையான ஒரு வில்லை. அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. வெந்நீரில் இறக்கி மெல்ல அசைத்தாள். ஓரம் முதலில் இளகியது.

"தொட்டுப் பாக்கறியா தம்பி?" என்று கட்டிலருகே நின்றவனைக் கேட்டாள்.

அவன் கையுறை விரலால் தொட்டான். ஒரு பக்கம் ஜில்லென்று, ஒரு பக்கம் வெதுவெதுப்பு.

"எடு, எடு. உருகினப்புறம் வச்சிருந்தா செத்துப்போகும்" என்று ஐஸக்காவே பிடுங்கி மேலே மாட்டினாள். பேச்சு முடிவதற்குள் பை காலியானது.

உறையும்போது செல் உடையாமல் இருக்க ஒரு மருந்து கலந்திருப்பார்கள். அது மூச்சில் வெளியே வரும். அறை முழுக்கப் பூண்டும் அவித்த சோளமும் கலந்த வாடை அடித்தது.

"அக்கா ஒரு நாளாவது பூண்டு உரிச்சிருக்காளா?" என்றான் கொக்கு. "நீங்கதானே மாமா உரிப்பீங்க. இது உங்க வாடை."

ஐஸக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். வாடை மறுநாள்வரை நின்றது. அவன் வேலை முடிந்ததும் வந்து அந்த வாடையில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு காத்திருந்தார்கள். காலையில் எடுக்கிற ரத்தம் அவன் கூடத்துக்குத்தான் வரும். இயந்திரம் எண்ணிச் சொல்லும். வெள்ளையணு பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். இயந்திரம் பழசு என்றோ குப்பி பழசு என்றோ இந்தத் தடவை அவன் சொல்லிக்கொள்ளவில்லை. வந்த எண்ணை அப்படியே மேலே அனுப்பினான். முளைத்திருக்க வேண்டிய வாரம் வந்தது, போனது. இன்னொரு வாரமும் போனது. செல்லுக்கு எலும்புக்கு வழி தெரியும் என்றார்கள். போய்ச் சேர்ந்துகூட இருக்கலாம். வீடுதான் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

கொக்குவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். பேச்சு குறைந்தது. நடையில் லிஃப்ட் போய்வருகிற சத்தம் மட்டும் அவனை எழுப்பும்.

"பேரிங் கத்துது மாமா. யாரும் பாக்க மாட்டாங்களா?"

யாருடைய செல் எவ்வளவு என்று பார்க்கிற பெரிய சோதனையின் முடிவு வந்தது. டாக்டரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். கொக்கு கையை ஆட்டினான்.

"காகிதம் வேண்டாம். மாமா, தட்டு கொண்டாங்க."

அவன் கீழே போய்த் தட்டையும் குப்பியையும் எடுத்துவந்தான். விரலில் குத்தினால் ரத்தம் நிற்காது. மார்புக் குழாயிலிருந்து நர்ஸ் ஒரு துளி எடுத்துக் கொடுத்தாள். கட்டிலின் சாப்பாட்டுப் பலகைமேல் தட்டை வைத்து, மஞ்சள் சீரம் விட்டு, கலக்கி, சாய்த்தான். இப்படி. அப்படி. வழக்கமான நேரம் முடிந்ததும் நிறுத்திவிட்டான்.

துளி அசையாமல் இருந்தது. ஒரு மணல்கூட இல்லை.

"இருக்காளா?"

"இல்லடா."

கொக்கு தலையை அசைத்தான். சரியான விடையைக் கேட்டவன்போல இருந்தது. "சரி" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க உக்காருங்க மாமா" என்றான்.

அவன் உட்கார்ந்தான். டாக்டரம்மா காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கொக்கு தூங்கிய பிறகு அவன் தட்டை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தான்.

அத்தை அங்கே பெஞ்சில் இருந்தாள். தட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இதுலதான் ரெண்டு பேரும் அவளைப் பாப்பீங்களா? எனக்குக் காட்டினதே இல்லியே."

அவன் தட்டை நீட்டினான். அவள் குனிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்தத் துளியை வெகுநேரம் பார்த்தாள். வழவழவென்று, நிறம் மாறாமல், தளதளவென்று இருந்தது அது.

"நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை" என்றாள். "துளிகூடத் திரியல."

அவன் தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.